எண்ணும் ஒரு சாட்சியே: கள்ளுக்கடை மூடிய மண்ணில் பிறந்த வணிக வரியின் வரலாறு



தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஓசூரிலும் நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் சொந்தத் தொழிலில் இறங்கியிருக்கின்றனர். லேத் பட்டறை, பழைய இரும்புக் கடை, தையலகம், பழ மண்டி, உணவகம் எனத் தொழில்கள் பலவகை. கடையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கச் செல்லும்போது அவர்கள் கேட்கும் முதல் வினா ஒன்றுதான்: "பான் இருக்கிறதா, ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா?" சிலர் அந்த வினாவோடு திரும்பி வந்துவிடுகின்றனர். வீட்டில் பெரியவர்கள் இரண்டு அச்சங்களைச் சொல்கின்றனர். எண் வாங்கினால் அரசு நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒன்று. வங்கிக்குப் போனால் வட்டி ஒட்டிக்கொள்ளும் என்பது மற்றொன்று.

இரண்டு அச்சங்களும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் இந்த எண் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பதை அறிந்தால் அவற்றில் பெரும்பகுதி நீங்கிவிடும். அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் ஓசூர் மண்ணோடு தொடர்புடையது என்பது பலரும் அறியாத செய்தி.

எழுத்தும் சாட்சியும்

குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மதரஸா மாணவரிடம் கேட்டால், கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது என்று சொல்லுவார். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. தவணையிட்டுக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், நீதியான எழுத்தர் எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்பன அதன் கட்டளைகள். வாய்மொழி நம்பிக்கையைப் பெரிதாக மதித்த அரபுச் சமூகத்தில் இறங்கிய வழிகாட்டல் இது. நம்பிக்கை இருக்கும் இடத்திலும் எழுத்து வேண்டும் என்பதே அதன் பாடம். மறதிக்கும் மரணத்திற்கும் பின் உரிமையைக் காப்பது எழுத்துதான்.

நம் தென்னாட்டு வணிகர்கள் இப்பாடத்தை மறக்கவில்லை. கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்தில் வழங்கப்பட்டது. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் ஒரு கிறித்தவத் தேவாலயத்திற்கு அளித்த கொடையையும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் உரிமைகளையும் அது வட்டெழுத்தில் பதிவு செய்கிறது. அதன் இறுதியில் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கின்றனர். சிலர் கூஃபி எழுத்தில் அரபியிலும், சிலர் பஹ்லவி எழுத்திலும், சிலர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். ஒருவரின் உரிமைக்கு மற்ற மதத்தினர் சாட்சி நின்ற ஆவணம் அது. வரியும் சலுகையும் வணிகரின் அடையாளமும் ஒரே ஏட்டில் எழுதப்படுவது நம் கடற்கரையில் 1,100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம்.

சாவடியில் ஒரு குதிரை

வரியைக் குறித்து நம் முன்னோர் எவ்வாறு சிந்தித்தனர் என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று விளக்கமாக அமைகிறது. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜ் நூலில் அது பதிவாகியுள்ளது. வணிகச் சரக்கின் மீது வரி வசூலிக்க ஸியாத் பின் ஹுதைர் என்பவரை உமர் (ரலி) நியமித்திருந்தார்கள். பனூ தக்லிப் குலத்தைச் சேர்ந்த கிறித்தவர் ஒருவர் குதிரையோடு வந்தார். குதிரையின் மதிப்பு 20,000 எனக் கணக்கிடப்பட்டு, 1,000 வரியாகப் பெறப்பட்டது. அதே ஆண்டில் அவர் மீண்டும் அவ்வழியே வந்தபோது ஸியாத் மறுபடியும் 1,000 கேட்டார். அம்மனிதர் மக்காவுக்கே சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். சுருக்கமான ஒரு பதிலே அவருக்குக் கிடைத்தது. ஏமாற்றத்தோடு திரும்பிச் சாவடிக்கு வந்தபோது, ஒருமுறை வரி பெற்றவரிடம் அடுத்த ஆண்டு அதே காலம் வரை மீண்டும் பெறக் கூடாது என்ற கலீஃபாவின் கடிதம் அவருக்கு முன்னரே அங்கு வந்து சேர்ந்திருந்தது.

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) தம் ஆட்சியில் (கி.பி. 717–720) மேலும் ஒருபடி சென்றார்கள். எகிப்தில் பொறுப்பிலிருந்த ஸுரைக் பின் ஹய்யானுக்கு அவர்கள் எழுதிய கட்டளை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. முஸ்லிம் வணிகரின் சரக்கில் நாற்பது தீனாருக்கு ஒரு தீனார் பெற வேண்டும். இருபது தீனார் வரை அக்கணக்கு குறைந்துகொண்டு வரும், அதற்கும் கீழே போனால் விட்டுவிட வேண்டும். வரி செலுத்திய வணிகருக்கு, அடுத்த ஆண்டு வரை செல்லுபடியாகும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிறு வணிகருக்கு விலக்கு, ஒரே பொருளுக்கு இருமுறை வரி கூடாது என்னும் நியாயம், செலுத்தியதற்கு எழுத்துச் சான்று ஆகிய மூன்றும் அக்கட்டளைகளில் உள்ளன. இன்றைய வணிக வரிச் சட்டங்கள் பேசும் உச்சவரம்பும் உள்ளீட்டு வரி வரவும் பதிவெண்ணும் இதே மூன்று தேவைகளுக்கு விடை தேடியே வந்தன. வடிவம் வேறு, விகிதம் வேறு, ஆட்சியும் வேறு. வணிகரின் தேவை ஒன்றே.

பாராமகாலில் ஆளுக்கொரு பட்டா

இனி நம் ஊருக்கு வருவோம். மைசூர் சுல்தான்களின் ஆட்சியில் தளியும் ஆனேக்கலும் ஒரே அரசின் கீழ் இருந்தன. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1799-இல் சுல்தான் ஷஹீதான பின் ஓசூர்ப் பகுதியும் கம்பெனியின் கைக்குப் போனது. ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்தில் நின்றது. இன்று நாம் கடக்கும் மாநில எல்லையின் தொடக்கம் அதுவே.

பாராமகாலை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாந்தர் ரீடும், அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே வரி விதிக்கும் முறையைத் தொடங்கினர். பின்னர் ரயத்துவாரி என்ற பெயரில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலும் பரவிய முறை இது. ஜமீன்தார், பாளையக்காரர் போன்ற இடையாட்களின் வழியே அறியப்பட்ட மனிதர், தம் பெயர் பொறித்த பட்டாவின் வழியே அரசுக்கு நேராக அறிமுகமானார். வரிச் சுமை பல காலம் கடுமையாகவே இருந்தது. இருந்தும் பட்டா வைத்திருந்தவரின் நிலத்திற்கு ஒரு சான்று இருந்தது. வாய்மொழியாக உழுது வந்தவருக்கு அது இல்லை. அந்த வேறுபாட்டின் விளைவை இன்றும் நிலத் தகராறுகளில் காண்கிறோம். கடைக்குரிய எண்ணை, வணிகரின் பட்டா என்று கொள்ளலாம்.

கள்ளுக்கடைகள் மூடப்பட்டபோது

நிலத்திற்குப் பட்டா வந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே கடைக்குரிய பொது வரி வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி. 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராகப் பொறுப்பேற்ற அவர், அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே மாகாணத்தில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் முதலில் மூடப்பட்ட மண்ணில் நம் மண்ணும் ஒன்று.

அந்நாளில் மாகாண அரசின் வருவாயில் மது வரி ஒரு பெரும் பங்கு. மற்ற மாவட்டங்களுக்கும் மதுவிலக்கை விரிவாக்கினால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற வினா எழுந்தது. அதற்கு விடையாக வந்ததே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாப் பொருள்களின் விற்பனைக்கும் பொதுவாக வரி விதித்த முதற்சட்டம் அது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்த வணிகருக்கு வரி இல்லை. 20,000 ரூபாய் வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் விற்றுமுதலில் அரை விழுக்காடு. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் சட்டம் நிலைத்தது. ஏனைய மாகாணங்களும் பின்பற்றின.

மதுவைத் தீமைகளின் தாய் என்று கற்ற சமுதாயம் நாம். கள்ளின் காசு இல்லாமல் அரசு நடக்க வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் மீது சுமத்தப்பட்ட சுமை இது என்பதை அறியும்போது, அவ்வரியை நாம் பார்க்கும் பார்வை சற்று மாறத்தான் செய்கிறது. வருந்தத்தக்க முடிவும் இதற்கு உண்டு. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003 முதல் சில்லறை மது விற்பனையே அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. மதுவுக்கு மாற்றாக வந்த வரியும் நின்றது, மதுவும் திரும்பியது. மனிதர் அருந்தும் மது இன்றளவும் ஜிஎஸ்டி வளையத்திற்கு வெளியே, மாநில வரியின் கீழேயே உள்ளது.

தோல் வணிகர் வென்ற வழக்கு

பதிவு என்பது அரசு நம்மைப் பிடிக்கும் கயிறு மட்டுமே என்போருக்கு, தோல் வணிகர் வரலாற்றிலிருந்து ஒரு விடை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, சென்னை பெரியமேடு ஆகிய இடங்களில் தோல் தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றதை நாம் அறிவோம். வெளிமாநிலத்தில் பதனிட்டுக் கொண்டுவந்த தோலை இங்கு விற்றால், பதனிட்ட தோலின் முழு விலைக்கும் வரி. இங்கேயே பதனிட்ட தோலுக்கோ, பச்சைத் தோலின் குறைந்த விலைக்கே வரி. இவ்வாறு ஒரு விதி இருந்தது. மெஹ்தாப் மஜீத் கம்பெனி என்னும் தோல் வணிக நிறுவனம் இவ்விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. வெளியிலிருந்து வரும் பொருளையும் உள்ளூர்ப் பொருளையும் வரியால் பாகுபடுத்தக் கூடாது என்று அரசமைப்பின் 304-ஆம் பிரிவைச் சுட்டி, 1962-இல் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே அரசு புதுச் சட்டம் இயற்றியது. ஹாஜி அப்துல் ஷகூர் கம்பெனி வழக்குத் தொடுக்க, அதிலும் முக்கியப் பிரிவு செல்லாது என்றே 1964-இல் தீர்ப்பாயிற்று.

சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்புகள் இவை. வரி செலுத்திய வணிகருக்குக் கணக்கும் ஏடும் இருந்தன. கணக்கு இருந்ததால் அநீதியை எண்ணால் எடுத்துக்காட்ட முடிந்தது. மறைந்து வணிகம் செய்பவருக்கு அநீதி நேர்ந்தால் முறையிட வாசலே இல்லை.

பத்து எழுத்து, பதினைந்து எழுத்து

1956-இல் மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது. 1959-இல் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நம் பாட்டனார் காலத்துப் பில் புத்தகங்களின் தலைப்பில் டிஎன்ஜிஎஸ்டி எண், சிஎஸ்டி எண் என இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். ஓசூர் வணிகருக்கு இரண்டாவது எண் இன்றியமையாதது. பெங்களூரிலிருந்து சரக்கு எடுப்பவர் சி படிவம் கொடுத்தால்தான் குறைந்த வரி. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து பெரிய ஆலைகள் வந்தபின், அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளுக்கும் இந்த எண்ணே நுழைவுச்சீட்டாயிற்று. 2007-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. எல்லையில் லாரிகளை வரிசையில் நிறுத்திய வணிக வரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. அவற்றின் வேலையை இப்போது எண்ணே செய்கிறது.

வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணான பான் வேறொரு வழியில் வந்தது. 1970களில் சட்டத்தில் இடம்பெற்று, 1995-இல் இன்றைய பத்து எழுத்து வடிவத்தைப் பெற்றது. 1998 முதல் வங்கிக் கணக்கு தொடங்குவோரிடம் அது கேட்கப்படலாயிற்று. அதன் நான்காம் எழுத்து நாம் யார் என்பதைச் சொல்கிறது. தனிமனிதர் எனில் பி, பங்குதாரர் நிறுவனம் எனில் எஃப், அறக்கட்டளை எனில் டி.

ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதினைந்து எழுத்துகள். முதல் இரண்டு, மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்திற்கு 29. அடுத்த பத்தும் நம் பான் எண்ணே. அப்பன் பெயரோடு பிள்ளை பெயர் சேர்வதுபோல, பான் எண்ணுக்குள்ளிருந்தே ஜிஎஸ்டி எண் பிறக்கிறது. ஆகவே பான் சரியாக இல்லாதவருக்கு மற்ற எதுவும் சரியாக அமையாது.

வங்கி வாசலில்

இவ்வரலாற்றை அறிந்தபின் நடைமுறை எளிதாகப் புரியும்.

முதலாவது, தனி ஒருவர் நடத்தும் கடைக்குத் தனியாகப் பான் இல்லை. உரிமையாளரின் பான் எண்ணே கடைக்கும் பான். பங்குதாரர்களாக நடத்தினால் ஒப்பந்தப் பத்திரம் எழுதி, நிறுவனத்தின் பெயரில் தனிப் பான் பெற வேண்டும். பான், ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைக்காதவை 2023 ஜூலை முதல் செயலிழந்துள்ளன.

நம் வீடுகளில் தடை பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. ஒரே மனிதர் ஆதாரில் முஹம்மது, பானில் மொஹம்மத், பள்ளிச் சான்றில் முகமது. ஷேக், சையத் என்பன ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது. தந்தை பெயரைத் தலையெழுத்தாக இடுவது தமிழ் வழக்கம். படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலை முதலில் அமைத்துக்கொள்வது, பின்னால் வரும் பல அலைச்சல்களைத் தவிர்க்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிலேயே பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு தொடங்க ஜிஎஸ்டி கட்டாயம் என்பது தவறான எண்ணம். தனியுரிமைக் கடை உண்மையாகவே நடக்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகளை வங்கி கேட்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உத்யம் பதிவுச் சான்று, உள்ளாட்சி வழங்கும் தொழில் உரிமம், வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி சான்று, கடையின் பெயரிலுள்ள மின் கட்டணச் சீட்டு போன்றவை அப்பட்டியலில் உள்ளன. இரண்டு தர இயலாத நிலையில், நேரில் விசாரித்து ஒன்றை ஏற்கவும் வங்கிக்கு அதிகாரம் உண்டு. 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் இல்லை.

மூன்றாவது, ஜிஎஸ்டி யாருக்குத் தேவை? பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் கடந்தால் பதிவு கட்டாயம். எல்லையில் வாழும் நமக்கு ஒரு தனி விதி உண்டு. வரிக்குரிய பொருளை மாநிலம் கடந்து விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் பொதுவாகப் பதிவு தேவை. தளியிலிருந்து ஆனேக்கல் கடைக்குச் சரக்கு அனுப்பினாலும் அது 33-இலிருந்து 29-க்குச் செல்லும் விற்பனையே. காம்போசிஷன் எனப்படும் எளிய வரி முறையில் இருப்பவர் இவ்வாறு எல்லை கடந்து பொருள் விற்க முடியாது. வரி விலக்குள்ள பொருள்களை மட்டும் விற்பவருக்குப் பதிவுக் கட்டாயம் இல்லை.

எண் முதலா, கணக்கு முதலா என்று குழம்ப வேண்டியதில்லை. ஜிஎஸ்டி பதிவைப் பெற்று, அச்சான்றைக் கொண்டு கணக்கைத் தொடங்கி, 30 நாள்களுக்குள் அதன் விவரத்தைத் தளத்தில் சேர்க்கலாம். முதல் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன் சேர்த்துவிட வேண்டும். பதிவு பெற்றபின் விற்பனையே இல்லாத மாதத்திற்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறும், பதிவும் ரத்தாகலாம். தேவையில்லாதவர் அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பதும் இதனாலேயே.

வட்டி பற்றிய அச்சத்திற்கும் இங்கேயே விடை இருக்கிறது. வணிகத்திற்காகத் தொடங்குவது நடப்புக் கணக்கு. அதில் வைக்கும் பணத்திற்கு வட்டி தரப்படுவதில்லை. வட்டியைத் தவிர்க்க விரும்பியே வங்கியை விட்டு விலகி, சேமிப்புக் கணக்கில் வியாபாரப் பணத்தைப் புழங்குபவர், வட்டி வரும் கணக்கிலேயே நிற்கிறார். வங்கி விளக்கம் கேட்டால் பதில் சொல்லவும் இயலாது. கணக்குடன் வங்கி முன்வைக்கும் மிகைப்பற்று, கடன் வசதிகளே வட்டிக்குரியவை. அவற்றை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஐயமுள்ள விவரங்களை உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இரவல் கொடுக்கக் கூடாத சாட்சி

இறுதியாக, நம்மை மிகவும் கவலைகொள்ளச் செய்யும் ஒன்று. கூலித் தொழிலாளர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் பான், ஆதார் நகல்களைச் சில ஆயிரம் ரூபாய்க்கோ, கடன் வாங்கித் தருவதாகச் சொல்லியோ பெற்று, அவர்கள் பெயரில் போலி நிறுவனங்கள் பதிவு செய்யப்படுகின்றன. சில மாதங்கள் கழித்துக் கோடிக்கணக்கில் வரி கேட்டு அறிவிப்பு வரும்போதுதான், தம் பெயரில் ஒரு நிறுவனம் இருந்ததே அவர்களுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டில் இத்தகைய செய்திகளை நாளிதழ்களில் தொடர்ந்து காண்கிறோம்.

எண் ஒரு சாட்சி என்றோம். இந்த வணிகத்தை நடத்துவது நானே, இதற்குப் பொறுப்பும் நானே என்று அது நம் பெயரில் சாட்சி சொல்கிறது. பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லும்போது நபி (ஸல்) அவர்கள் பொய்ச் சாட்சியை அவற்றோடு சேர்த்து எச்சரித்தார்கள். தம் எண்ணைப் பிறருக்கு இரவல் தருபவரும், மச்சான் பெயரிலும் மாமியார் பெயரிலும் பதிவு செய்து தாம் மறைந்து நிற்பவரும் இந்த எச்சரிக்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். உறவுக்கு உதவ வேண்டுமெனில் கையிலுள்ளதைக் கொடுக்கலாம். கையொப்பத்தைக் கொடுக்கக் கூடாது.

கணக்கு எழுதுபவருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஆண்டு நிறைவில் சரக்கு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அதே ஏடு காட்டும்போது ஜகாத் கணக்கும் அதிலிருந்தே தெளிவாகும். வரி செலுத்தியதால் ஜகாத் நீங்காது, ஜகாத் கொடுத்ததால் வரியும் நீங்காது. இரண்டுக்கும் ஒரே நேர்மையான ஏடு போதும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் கணக்கறிந்த இளைஞர் ஒருவர், மாதம் ஒரு நாள் பள்ளிவாசலில் அமர்ந்து இப்படிவங்களை நிரப்பிக் கொடுத்தால், இடைத்தரகருக்குப் போகும் பணமும் போலிப் பதிவுக்கு இரையாகும் ஏழைகளின் மானமும் காக்கப்படும். அதுவும் ஒரு ஸதகாவே.

நம் வருவாயை ஹலாலாகவும், நம் ஏடுகளை மறுமையிலும் நாணாமல் விரிக்கத்தக்கவையாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.